கொல்லைப்புறத்துக்கு மூங்கில் தட்டி: எந்தப் பக்கம், எவ்வளவு உயரம்?

கேள்வி: தாம்பரம் பக்கம் கிழக்குப் பார்த்த வீடு. பின்னால் 12 அடி ஆழம், 16 அடி அகலத்தில் கொல்லைப்புறம். சுற்றிலும் 5 அடி காம்பவுண்டுச் சுவர். மேற்கே பின்வீட்டில் புதிதாக மாடி எடுத்திருக்கிறார்கள். சுவரிலிருந்து 8 அடி தள்ளி அவர்கள் பால்கனி. அங்கே யார் நின்றாலும் எங்கள் கொல்லை முழுக்கத் தெரிகிறது. மாமியார் சாயங்காலம் பின்வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்வார். இப்போது வெளியே வருவதையே விட்டுவிட்டார். மூன்று பக்கமும் மூங்கில் தட்டி அடித்துவிடலாமா? எவ்வளவு உயரம் வேண்டும்? எத்தனை வருடம் தாங்கும்?

பதில்: மூன்று பக்கமும் அடிக்க வேண்டாம் அம்மா. மேற்குச் சுவர் ஒன்று போதும். அதிலும் தரையிலிருந்து 4 அடிக்கு மேல் தொடங்கி 8 அடி வரை, அதாவது 4 அடி உயரப் பட்டை போதும். மிச்சப்படும் பணத்தைத் தட்டியைத் தாங்கும் சட்டத்துக்கும், மூங்கில் உளுக்காமல் இருக்க ஏற்றும் மருந்துக்கும் போடுங்கள். மூங்கிலின் ஆயுள் அவற்றில்தான் இருக்கிறது.

உயரத்தை எப்படிச் சொல்கிறேன் என்று கேட்பீர்கள். பால்கனியில் நிற்பவரின் கண், தரைக் கணக்கில் சுமார் 15 அடி உயரத்தில் இருக்கும். நாற்காலியில் உட்கார்ந்தவரின் தலை 4 அடி. சுவரிலிருந்து 3 அடி தள்ளி உட்கார்ந்தால், அந்தக் கண்ணுக்கும் தலைக்கும் நடுவில் போகும் கோடு சுவர் இருக்கும் இடத்தைத் தரையிலிருந்து 7 அடி உயரத்தில் கடக்கும். அதே ஆள் 10 அடி தள்ளி, பின்வாசல் அருகே உட்கார்ந்தால் கோடு 10 அடிக்கு ஏறிவிடும். பால்கனிக்குப் பயந்து நாம் வீட்டுப் பக்கமாக ஒதுங்குகிறோம். ஒதுங்க ஒதுங்கத்தான் நன்றாகத் தெரிகிறோம். ஆகவே உட்காரும் இடத்தை மேற்குச் சுவரை ஒட்டி மாற்றுங்கள். 8 அடித் தட்டி இருந்தால், சுவரிலிருந்து நாலரை அடிக்குள் உட்கார்ந்தவரை மேலிருந்து பார்க்க முடியாது.

இதை நீங்களே சரிபார்க்கலாம். உட்காரப்போகும் இடத்தில் நாற்காலி போட்டு உட்காருங்கள். வீட்டில் ஒருவரை ஒட்டடைக் கம்பைச் சுவர் மேல் நிமிர்த்திப் பிடிக்கச் சொல்லுங்கள். பால்கனிக் கைப்பிடிக்கு மேல் ஓர் ஆளின் முகம் வரும் இடத்தைக் கம்பின் நுனி எப்போது தொடுகிறதோ, அப்போது கம்பில் சுவரின் மேல் விளிம்பு வரும் இடத்தில் சாக்பீஸால் ஒரு கோடு. அந்தக் கோட்டிலிருந்து நுனி வரை உள்ள நீளத்தோடு சுவரின் 5 அடியையும் மேலே ஓரடியையும் சேர்த்துக்கொண்டால் தரையிலிருந்து உங்கள் உயரம் வந்துவிட்டது.

மேற்கில் தட்டி வைப்பதில் இன்னொரு லாபம், வெயில். மே மாதம் மாலை 4 மணிக்கு உங்கள் 5 அடிச் சுவரின் நிழல் ஏறக்குறைய ஏழரை அடிதான் விழும். 8 அடியாக உயர்த்தினால் நிழல் 12 அடி நீளும். கொல்லை முழுவதும் நிழல்! தெற்கை மட்டும் கட்டாயம் திறந்து விடுங்கள். மத்தியானத்துக்கு மேல் கடற்காற்று கிழக்கிலிருந்தும் தென்கிழக்கிலிருந்தும்தான் வரும். உங்களுக்கு அது வீட்டின் தெற்குச் சந்து வழியாகத்தான் கொல்லைக்குள் நுழையும். அதை அடைத்தால் சாயங்காலம் உள்ளே புழுங்கும், அப்புறம் அங்கே ஃபேன் போட வேண்டியிருக்கும்.

இனி காற்றுக்கு எதிராகத் தட்டி எப்படி நிற்கிறது என்று பார்ப்போம். நிறைய வீடுகளில் காம்பவுண்டுச் சுவர் மேலேயே கம்பி நட்டுத் தட்டியைக் கட்டிவிடுகிறார்கள். அது நாலரை அங்குலச் சுவராக இருந்தால் தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். 4 அடிக்கு 16 அடி என்றால் 64 சதுர அடி. மணிக்கு 100 கிலோமீட்டர் காற்று அடித்தால், அடைத்த தட்டி மேல் 280 கிலோவுக்குக் குறையாமல் அழுத்தம் விழும். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அழுத்தம் நான்கு மடங்காகும். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையில் கரையேறியபோது 100 கிலோமீட்டருக்கு மேல்தான் வீசியது. தட்டியோடு சேர்ந்து சுவரும் சாய்ந்தால், அந்தப் பக்கம் நிற்பது பக்கத்து வீட்டுக் குழந்தையாக இருக்கலாம்.

அதனால் சுவரை நம்பாமல், அரையடி உள்ளே தள்ளி ஐந்து தூண்கள் நடுங்கள். 2 அங்குல ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப், மண்ணுக்குள் இரண்டரை அடி, சுற்றிலும் கான்கிரீட். குழி தோண்டுமுன் கழிவுநீர்க் குழாய் எங்கே ஓடுகிறது, செப்டிக் டேங்க் மூடி எங்கே என்று பார்த்துக்கொள்ளுங்கள். தூணுக்குத் தூண் 4 அடி. நடுவில் 4 அடிக்கு 4 அடிச் சட்டங்கள் நான்கு. இந்தச் சட்டங்களைக் கொக்கியில் மாட்டும்படி செய்யச் சொல்லுங்கள், வெல்டிங் வைக்க வேண்டாம். புயல் எச்சரிக்கை வந்தால் இரண்டு பேர் சேர்ந்து கால் மணி நேரத்தில் கழற்றிப் படுக்க வைத்துவிடலாம். நான் போடும் எல்லாத் தட்டிகளையும் இப்போது இப்படித்தான் போடுகிறேன்.

மூங்கில் விஷயத்தில் நான் பட்ட பாடு ஒன்று உண்டு. இந்த வேலைக்கு வந்த புதிதில் என் வீட்டிலேயே நல்ல மஞ்சள் நிறத் தட்டியாகப் பார்த்து வாங்கி, தரையிலிருந்து சுவரோடு ஒட்டிக் கட்டுக்கம்பியால் கட்டினேன். மூன்றாம் மாதம், காலையில் கதவைத் திறந்தால் தட்டிக்குக் கீழே கோலமாவு சிந்தியது போல் வெள்ளையாகச் சின்னச் சின்னக் குவியல்கள். பெருக்கினால் மறுநாள் மறுபடி. கிட்டப் போய்ப் பார்த்தால் குண்டூசித் தலை அளவு ஓட்டைகள். வண்டு அரித்து உளுத்துக்கொண்டிருந்தது. இரண்டாவது மழைக்காலம் வந்தபோது அடிப்பகுதி கையால் கிள்ளினால் வரும் அளவுக்கு மக்கியிருந்தது.

மூங்கிலுக்குள் இருக்கும் மாவுச்சத்தைத் தேடித்தான் அந்த வண்டு வருகிறது. ஊரில் தேய்பிறையில் வெட்டச் சொல்வார்கள், ஆற்றிலோ குளத்திலோ வாரக்கணக்கில் ஊறப் போடுவார்கள். ஊறும்போது மாவுச்சத்து கரைந்து போகும் என்பதால் அது நல்ல வழக்கம். கடையில் வாங்கும் நமக்கு எப்போது வெட்டியது, ஊறியதா என்று எதுவும் தெரியாது. எனவே நாமே மருந்து ஏற்ற வேண்டும்.

மருந்து எளிதுதான்: வெங்காரமும் (போராக்ஸ்) போரிக் ஆசிடும். கேரம் போர்டில் தூவுகிறோமே, அந்தப் போரிக் பவுடர்தான். 100 லிட்டர் தண்ணீருக்கு வெங்காரம் 3 கிலோ, போரிக் ஆசிட் 2 கிலோ. செங்கல்லை 5 அடி நீளத்துக்குத் தொட்டி போல் அடுக்கி மேலே தார்பாய் விரித்தால் ஊறவைக்க இடம் தயார். மூங்கிலை முழுதாகப் போடாமல் 4 அடிப் பிளாச்சுகளாகப் பிளந்து போடுங்கள். மூங்கிலின் வெளித்தோல் மருந்தை உள்ளே விடாது. பிளந்த பக்கம் வழியாகத்தான் ஏறும். மேலே கல்லை வைத்து அமுக்கி ஐந்து நாள் ஊறட்டும். பிறகு நிழலில் நிறுத்திக் காய வையுங்கள். ஊறிய தண்ணீரைச் செடிக்கு ஊற்றிவிடாதீர்கள், கருகிவிடும். குழந்தைகளும் நாயும் அந்தப் பக்கம் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்த மருந்து மழையில் மெல்லக் கரையும். அதனால் நன்றாகக் காய்ந்த பிறகு வெளிப்புற மரவேலைக்கான பாலியூரிதீன் பூச்சு இரண்டு கை கொடுக்க வேண்டும், வெட்டிய முனைகளில் மூன்று கை. கடலோரத்தில் படகுக்குப் பூசும் முந்திரிக்கொட்டை எண்ணெயைப் பற்றியும் சிலர் கேட்கிறார்கள். மரத்துக்கு நல்லதுதான், ஆனால் பச்சையாகத் தோலில் பட்டால் புண்ணாக்கும். சாய்ந்து உட்காரும் இடத்துக்கு வேண்டாம்.

வாங்கும்போது மூங்கிலைத் தட்டிப் பாருங்கள். முற்றியது கணீரென்று கேட்கும். இளசு மந்தமாக ஒலிக்கும். காய்ந்ததும் சுருங்கி வெடிக்கும். ஒரு வெள்ளைத் தாளை விரித்து அதன் மேல் மூங்கிலை நாலு தடவை குத்துங்கள். மாவு உதிர்ந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ரெடிமேடாக ரோலில் வரும் மெல்லிய குச்சித் தட்டி வாடகை வீட்டுக்குச் சரி. அதில் மூங்கில் போவதற்கு முன் கம்பி துருப்பிடித்துத் தொங்கிவிடும். பிளாஸ்டிக் மூங்கிலை நான் சொல்லவே மாட்டேன். நம்ம ஊர் வெயிலில் வெளுத்து நொறுங்கும்.

பிளாச்சை நின்ற வாக்கில் பொருத்துங்கள், தோல் பக்கம் மழையைப் பார்த்து இருக்கட்டும். நின்ற வாக்கில் இருந்தால் தண்ணீர் வழிந்து ஓடிவிடும். இரண்டு பிளாச்சுக்கு நடுவே அரை அங்குலம் இடைவெளி இருந்தால் காற்று புகும், அழுத்தமும் குறையும். இடைவெளி வழியாகத் தெரியுமே என்றால், மாமியார் உட்காரும் இடத்துக்குப் பின்னால் வரும் இரண்டு சட்டங்களில் மட்டும் முன்னும் பின்னுமாக மாற்றி மாற்றி அடியுங்கள். முன்வரிசையின் இடைவெளியைப் பின்வரிசை மறைக்கும், காற்று வளைந்து வரும். நேரடியாக ஆணி அடித்தால் மூங்கில் நெடுக வெடித்துவிடும். டிரில் போட்டு ஸ்டெயின்லெஸ் ஸ்க்ரூ முடுக்கச் சொல்லுங்கள். அழகுக்காக முழு மூங்கில் கழி எங்காவது நிறுத்தினால், கணுவை ஒட்டி அதற்கு மேலே அறுக்க வேண்டும். கணுவுக்கு மேல் குழல் நீண்டிருந்தால் மழைத் தண்ணீர் அதில் தேங்கும். டெங்குக் கொசு முட்டையிட அந்த அரை டம்ளர் தண்ணீரே ஏராளம்.

ஆயுளைப் பற்றிக் கேட்டீர்கள். மருந்து போடாமல் மண்ணில் ஊன்றிய மூங்கில் ஒன்றிலிருந்து மூன்று வருடத்தில் போய்விடும். கூரைக்குக் கீழே, மண் படாமல் இருந்தால் நான்கிலிருந்து ஏழு வருடம். உங்கள் தட்டி மண்ணைத் தொடவே தொடாது, சுவரில் அடித்துத் தெறிக்கும் சேற்று மழையும் மேலே எட்டாது, மருந்தும் ஏறியிருக்கும். வருடா வருடம் ஆவணி கடைசியில், ஐப்பசி மழைக்கு முன், ஒரு கை பூச்சு கொடுத்தால் நன்றாகவே தாங்கும். ஒன்றிரண்டு பிளாச்சு கெட்டால் அதை மட்டும் கழற்றி மாற்றலாம். தீபாவளி சமயத்தில் தட்டியைத் தண்ணீர் தெளித்து நனைத்து வையுங்கள். கார்த்திகை விளக்கை அதிலிருந்து மூன்றடி தள்ளியே வையுங்கள்.

தட்டிக்குப் பதில் மூங்கிலையே வளர்க்கலாமா என்று யோசிப்பீர்கள். நர்சரியில் கண்ணைப் பறிக்கும் மஞ்சள் மூங்கில் 12 அடிக் கொல்லைக்கு ஆகாது. அது 30 அடிக்கு மேல் போகும், புதரும் வருடா வருடம் பெருக்கும். பச்சை வேண்டுமென்றால் சங்குப்பூவோ முல்லையோ ஏற்றுங்கள், அதையும் தூண்களுக்கு நடுவே தனிக் கம்பி இழுத்து அதன் மேல் விடுங்கள். தட்டி மேலேயே படர விட்டால் ஈரம் காயாது.

ஏசியின் வெளி யூனிட் கொல்லையில் இருந்தால் அதை மூங்கிலால் மூட வேண்டாம். சூடான காற்று திரும்பி அதற்குள்ளேயே போகும், கரண்டு பில்தான் ஏறும். வேலை தொடங்குமுன் பின்வீட்டுக்காரர்களிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். சுவர் பொதுச்சுவரா உங்கள் சுவரா என்பதும் அப்போதே தெளிவாகிவிடும்.

ராத்திரி விளக்குக்கு மட்டும் கவனம் வேண்டும். தலைக்கு மேல் வெள்ளை டியூப்லைட் எரிந்தால் இருட்டில் நிற்பவருக்கு இடைவெளி வழியாக உங்கள் அசைவெல்லாம் தெரியும். மஞ்சள் ஒளி தரும் சின்ன பல்பு ஒன்றை முழங்கால் உயரத்தில், தட்டியைப் பார்த்தபடி வையுங்கள். மூங்கில் பொன்னிறமாக ஒளிரும், நீங்கள் நிழலில் இருப்பீர்கள். தட்டிக்குக் கீழே தெரியும் 4 அடிச் சுவருக்குக் காவி அடித்துவிடுங்கள். மூங்கில் நிறத்தோடு ஒட்டிப்போகும்.

உட்கார ஒரு கடப்பாக் கல் போதும், ஐந்தடி நீளம், ஒன்றேகால் அடி அகலம். தூண்களுக்கு முன்னால் செங்கல் அடுக்கி அதன் மேல் வையுங்கள். உயரத்தை என்னிடம் கேட்காதீர்கள். மாமியாரை முறத்தோடு உட்காரச் சொல்லி, அவர் முட்டி வசதியாக மடங்கும்வரை ஒவ்வொரு வரிசையாகச் செங்கல்லைக் கூட்டிக் குறைத்துப் பாருங்கள். சிமென்ட் குழைப்பது அதற்கப்புறம்.