ரேகை விழாத விரல்கள்

கேள்வி: என் தாயார் நெடுங்காலம் சாயப்பட்டறையில் நூல் அலசியவர். ரேஷன் கடையில் அவருக்குக் கைரேகை விழுவதில்லை. உடலின் அடையாளம் மாறாது என்கிறார்களே, பிறகு ஏன் இப்படி? கருவிழியைப் பதிவு செய்வது பாதுகாப்பானதா?
– வாசகி ஒருவர், பெருந்துறை

பதில்: தங்கள் தாயாரின் ரேகை அழிந்துவிடவில்லை. அதன் அமைப்பு, கருவில் இருக்கும்போதே மேல்தோலுக்கு அடியிலுள்ள அடுக்கில் உருவாகிவிடுகிறது. காஸ்டிக் சோடாவும் பிளீச்சிங் பவுடரும் தேய்ப்பது மேலே தெரியும் வரப்புகளைத்தான். சில வாரங்கள் அந்த வேலையைத் தொடாமல் இருந்தால் அதே கோடுகள் மீண்டும் எழும். ஆனால், முதுமையில் தோல் உலர்ந்து தளர்ந்துவிடுவதால், அப்போதும் தெளிவு குறையலாம்.

கைரேகைக் கருவி ஆளை அறிவதில்லை. கோடுகள் முடியும் இடங்களையும் கிளைபிரியும் இடங்களையும் குறித்துக்கொண்டு, அவை பழைய பதிவோடு எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று மதிப்பெண் இடுகிறது. தேர்ச்சி வரம்பை உயர்த்தினால் உரியவரே மறுக்கப்படுவார். தாழ்த்தினால் வேற்றாள் நுழைந்துவிடுவார். ஆகவே மறுப்பு என்பது, கருவியால் உறுதி செய்ய இயலவில்லை என்பது மட்டுமே. அதைக் காரணம் காட்டி ஒரு மூதாட்டியை வெறும் பையுடன் திருப்பி அனுப்புவது அநீதி. 2018 ஆம் ஆண்டு ஆதார் வழக்கின் தீர்ப்பிலும், சரிபார்ப்பு தோல்வியுற்றதற்காகத் தகுதியுள்ளவருக்குப் பலன் மறுக்கப்படக் கூடாது என்பதே உச்ச நீதிமன்றத்தின் நிலைப்பாடு.

கருவிழியைப் புதிதாகப் பதிய வேண்டியதில்லை. ஆதார் எடுத்தபோதே 10 விரல்களோடு இரு கருவிழிகளும் பதிவாகியிருக்கும். கடையில் கருவிழிக் கருவி உண்டா என்று கேளுங்கள். கண்ணின் பாப்பாவைச் சுற்றியுள்ள அந்த வளையத்தின் நுண்ணிய இழையமைப்பு, ஒரே உருவ இரட்டையரிடையேகூட வேறுபடும். வெளிப்படலத்துக்குப் பின்னால் இருப்பதால் உழைப்பில் தேயாது. கண்புரை அறுவைச் சிகிச்சை நடந்திருந்து பதிவு பொருந்தாவிட்டால், ஆதார் மையத்தில் புதுப்பித்துக்கொள்ளலாம்.

என் கவலை வேறு இடத்தில் இருக்கிறது. கடவுச்சொல் களவுபோனால் மாற்றிக்கொள்ளலாம். விரலையும் விழியையும் மாற்ற இயலாது. திருப்பூர்ப் பனியன் கம்பெனியிலோ நூற்பாலையிலோ வருகைப்பதிவுக்கு விரல் வைக்கும் நம் பிள்ளைகள், அந்தப் பதிவு எங்கே வைக்கப்படுகிறது, வேலையை விட்டபின் அழிக்கப்படுமா என்று தயங்காமல் கேட்க வேண்டும். ஆதாரில் உள்ள ரேகையையும் கருவிழியையும், ஆதார் ஆணையத்தின் இணையதளத்தில் நாமே பூட்டிவைக்கலாம். பூட்டினால், ரேஷன் கடையில் சரிபார்ப்புக்குச் சற்று முன்பு தற்காலிகமாகத் திறந்துகொள்ளுங்கள். சில நிமிடங்களில் அது மீண்டும் பூட்டிக்கொள்ளும்.