மாத்திரை போட்டும் பாசி ஏன்?

கேள்வி: எங்கள் வீட்டு நீச்சல் குளம் 50,000 லிட்டர். மிதவையில் குளோரின் மாத்திரை தவறாமல் போடுகிறோம். முதல் இரண்டு மாதம் பளிங்கு மாதிரி இருந்த தண்ணீர் இப்போது வாரத்துக்கு ஒருமுறை பச்சையாகிறது. மருந்து வாங்கி மாளவில்லை. 1,500 லிட்டர் ஹாட் டப் (வெந்நீர்த் தொட்டி) வேறு இருக்கிறது. மலிவான பாசிக்கொல்லி எது?

பதில்: குளோரின்தான். அதன் கையைக் கட்டிப் போட்டிருப்பதே நீங்கள் தவறாமல் போடும் அந்த மாத்திரை.

மிதவையில் போடும் மாத்திரை பெரும்பாலும் ட்ரைகுளோர். குளோரினோடு சயனூரிக் அமிலமும் அதில் இருக்கிறது. ஸ்டெபிலைசர் என்று தனியாக விற்பதும் இதைத்தான். வெயிலில் குளோரின் அழியாமல் காப்பது இதன் வேலை. 30 முதல் 50 பிபிஎம் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு) வரை இருந்தால் நல்லது. வம்பு என்னவென்றால், குளோரின் தீர்ந்துவிடும், இது தீராது. ஆவியாகாது, ஃபில்டரிலும் சிக்காது. ட்ரைகுளோர் 10 பிபிஎம் குளோரின் தரும்போது 6 பிபிஎம் ஸ்டெபிலைசரையும் விட்டுவிட்டுப் போகிறது. தினம் 2 பிபிஎம் செலவு என்றால் 90 நாளில் 108 பிபிஎம். பாசி வராதிருக்க, ஸ்டெபிலைசர் அளவில் 7.5 சதவீதமாவது குளோரின் நிற்க வேண்டும். அதாவது 8 பிபிஎம். நீங்கள் 2 பிபிஎம்மைப் பார்த்துத் திருப்திப்பட்டுக்கொண்டிருந்தால் பாசிக்குக் கொண்டாட்டம்தான்.

இதற்கு மருந்து கிடையாது. தண்ணீரை மாற்றத்தான் வேண்டும். பாதியை இறக்கிப் புதுத் தண்ணீர் விட்டால் 108 என்பது 54 ஆகும். மொத்தமாகக் காலி செய்துவிடாதீர்கள். நிலத்தடி நீர் மேலே இருக்கும் இடத்தில் காலித் தொட்டி மண்ணை விட்டு எழும்பி விரிசல் விட்டுவிடும்.

பிறகு திரவ குளோரினுக்கு மாறுங்கள். 10 சதவீதத் திரவம் 1 லிட்டர், உங்கள் குளத்தில் 2 பிபிஎம் ஏற்றும். வெயில் தாழ்ந்த பிறகு, பம்ப் ஓடும்போது, தண்ணீர் திரும்பி வரும் குழாய்வாயருகே மெல்ல ஊற்றுங்கள். இருக்கும் பாசியை ஒழிக்க ஸ்டெபிலைசரில் 40 சதவீதம் வேண்டும்: 54-க்குச் சுமார் 22 பிபிஎம், அதாவது 11 லிட்டர். அதற்கு முன்பே பிஎச்சை (தண்ணீரின் அமில-கார அளவு) 7.2-க்குக் கொண்டுவந்துவிடுங்கள், குளோரின் 10-ஐத் தாண்டினால் பிஎச் சோதனை பொய் சொல்லும். சுவரைத் தினமும் தேய்த்து, அளவு இறங்க இறங்க ஊற்றி, ராத்திரியில் 1 பிபிஎம்முக்கு மேல் குறையாத நிலை வரும்வரை விடாதீர்கள். அதுவரை யாரும் இறங்க வேண்டாம்.

பாசிக்கொல்லிக்கு வைத்திருக்கும் காசில் துளி எண்ணும் சோதனைப் பெட்டி ஒன்று வாங்குங்கள். மஞ்சள் நிறம் காட்டும் சோதனை மொத்தக் குளோரினைத்தான் சொல்லும். உழைத்துக் களைத்த குளோரினும் அதில் சேர்த்தி. இளஞ்சிவப்பு காட்டும் டிபிடி சோதனையில் நிறம் ஒரு கணம் மின்னி மறைந்தால் குளோரின் இல்லை என்று நினைத்து மேலும் ஊற்றாதீர்கள். அளவு மிஞ்சினாலும் சாயம் அப்படித்தான் வெளுக்கும்.

மணல் ஃபில்டரை வாராவாரம் பேக்வாஷ் செய்வதும் (தண்ணீரை எதிர்த்திசையில் விட்டுக் கழுவுவது) வீண். கழுவிய உடன் அழுத்தமானி காட்டும் எண்ணை எழுதி வையுங்கள். அதைவிட 8 முதல் 10 பிஎஸ்ஐ ஏறும்போது கழுவினால் போதும். கொஞ்சம் அழுக்கேறிய மணல்தான் நுண்தூசியைப் பிடிக்கும். வேகம் மாற்றும் பம்ப் இருந்தால் பாதி வேகத்தில் இரு மடங்கு நேரம் ஓட்டுங்கள். தண்ணீர் அதே அளவுதான் சுற்றும், மின்சாரம் ஏறக்குறைய கால்வாசிதான் ஆகும்.

ஹாட் டப்பில் இந்த மாத்திரையைப் போடவே கூடாது. அதன் அமிலம் ஹீட்டரை அரிக்கும். புதுத் தண்ணீருக்கு முதலில் டைகுளோர் தூள் (இதிலும் ஸ்டெபிலைசர் உண்டு), ஸ்டெபிலைசர் 30 பிபிஎம் தொட்டதும் திரவ குளோரின். அங்கே 30 மில்லியே 2 பிபிஎம். ஊற்றியதும் ஜெட்டை ஓடவிட்டு மூடியை 20 நிமிடம் திறந்து வையுங்கள். மூன்று நான்கு மாதத்துக்கொருமுறை, குழாய்ச் சளியைக் கரைக்கும் மருந்தை ஓட்டிவிட்டுத் தண்ணீரை மாற்றுங்கள். மூடி முன்னைவிடக் கனத்தால் உள்ளே நுரைப்பலகை நீர் குடித்துவிட்டது; சூடு அதன் வழியாகத்தான் போகிறது.

ஒன்று மறக்க வேண்டாம்: மாத்திரை கிடந்த மிதவையிலோ வாளியிலோ வேறு குளோரினை ஊற்றாதீர்கள். வெடிக்கும்.