பண்டாயா, பழைய பாணியா? வினைல் ராட்சதப் பொம்மைகள்: வாசகர் கேள்வி – பதில்

போன இதழில், காட்ஸில்லா போன்ற திரை ராட்சதங்களை வினைலில் (மிருதுவாக்கிய பி.வி.சி. பிளாஸ்டிக்) வார்த்த ஜப்பானியப் பொம்மைகளைப் பற்றி எழுதியிருந்தோம். அதற்கு மாவட்டம் முழுவதிலிருந்தும் கடிதங்கள் வந்தன. இடம் கருதிக் கேள்விகளைச் சுருக்கியிருக்கிறோம்.

என்னிடம் இருப்பதெல்லாம் பண்டாய் என்ற ஜப்பானியக் கம்பெனியின் காட்ஸில்லாக்கள். விலை குறைவு, படத்தில் பார்த்த உருவம் அப்படியே இருக்கிறது. ஆனால் சேகரிப்பவர்கள் குட்டைக்காலும் உருண்டை முகமும் நீல உடம்புமாக இருக்கிற பழைய பாணிப் பொம்மை ஒன்றுக்குப் பல மடங்கு கொடுக்கிறார்களே, அப்படி அதில் என்ன இருக்கிறது? – வடசேரி வாசகர்

பண்டாய் மிஷினில் செய்தது, மற்றது கையால் செய்தது என்று பலர் நினைக்கிறார்கள். வார்க்கிற முறை இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். உலோக அச்சுக்குள் கூழ் போன்ற பி.வி.சி.யை ஊற்றிச் சூடாக்குவார்கள். அச்சின் சுவரை ஒட்டியது தோலாக இறுகும். பிறகு தண்ணீரில் குளிரவைத்து, கழுத்து அல்லது தொடை வாய் வழியாக இழுத்து எடுப்பார்கள். பெரிய ஆலையில் அச்சை இயந்திரம் சுழற்றும். சிறு பட்டறையில் ஒரு ஆள் சூடான எண்ணெய்த் தொட்டியில் அச்சை முக்கி, மிச்சக் கூழைக் கவிழ்த்து, இடுக்கியால் இழுப்பார். அதனால் இரண்டிலுமே பக்கவாட்டில் இணைப்புக் கோடு தெரியாது.

வித்தியாசம் உருவத்திலும் நிறத்திலும்தான். மாருசான் கம்பெனி 1966-ல் வினைல் காட்ஸில்லாவையும் மற்ற ராட்சதங்களையும் கடைக்குக் கொண்டுவந்தபோது, குழந்தை கையில் பிடித்து விளையாடுகிற பொம்மையைத்தான் செய்தது. திரையில் வந்த உடுப்பைப் பிரதி எடுக்கும் எண்ணம் அதற்கு இல்லை. பொம்மை கீழே விழாமல் நிற்க வேண்டும் என்பதால் பாதம் பெரிது, கால் குட்டை. அச்சிலிருந்து இழுக்கும்போது கிழியக்கூடாது என்பதால் முதுகு முள் தடிமன். நிறத்துக்கு இன்னொரு காரணமும் சேர்ந்தது. அந்த ஆண்டு ஜனவரியில் தொடங்கிய ‘அல்ட்ரா கியூ’ என்ற ராட்சத டி.வி. தொடர் கறுப்பு வெள்ளையில் ஒளிபரப்பானது. வண்ணத்தில் வந்த ‘அல்ட்ராமேன்’ ஜூலையில்தான் தொடங்கியது. திரையில் நிறமே தெரியாத ராட்சதத்துக்கு எந்த நிறம் போட்டால் என்ன? நீல வினைலில் வார்த்து, மேலே வெள்ளியும் பச்சையும் தூவி விட்டார்கள். மாருசான் 1968-ல் நொடித்தது. அங்கிருந்து வந்தவர்கள் 1969-ல் தொடங்கிய புல்மார்க், பழைய அச்சுகள் பலவற்றை வாங்கி அதே பாணியை 1977 வரை நடத்தியது.

பண்டாய் 1983-ல் தொடங்கிய அல்ட்ரா ராட்சத வரிசையின் நோக்கமே வேறு. திரையில் கண்டது அப்படியே கையில் இருக்க வேண்டும், பையன் தன் கைக்காசில் வாங்க முடிய வேண்டும். உருவ ஒற்றுமையில் அதை இன்றும் குறை சொல்ல முடியாது. விலையைக் கட்டுக்குள் வைக்க அவர்கள் கைவைப்பது பெயிண்டில். உங்கள் காட்ஸில்லாவைத் திருப்பிப் பாருங்கள். முள்ளின் முன்பக்கம் வெள்ளி அடித்திருக்கும், பின்பக்கம் பெரும்பாலும் வெறும் கறுப்பு வினைல்தான். 2013-ல் அளவையும் சுருக்கி, 500 யென் விலையில் ‘500’ வரிசையை விட்டார்கள். அதனால்தான் பண்டாயிலேயே அதற்கு முந்தைய பெரிய அளவைத் தேடுகிறவர்கள் உண்டு. எங்கள் கருத்தும் அதுதான். ஒரே ராட்சதம் இரண்டு அளவிலும் கிடைத்தால் பழையதை எடுங்கள்.

பழைய பாணியை விரும்புகிறவர் பார்ப்பது வினைலின் நிறத்தை. கறுப்பு வினைலில் பெயிண்ட் உரிந்தால் அது குறை. நீல வினைலில் வெள்ளித் தூவல் தேய்ந்து அடிநிறம் எட்டிப் பார்த்தால் அதுவும் ஒரு அழகு. படத்தின் மீதுதான் ஆசை என்றால் பண்டாயோடு நில்லுங்கள், யாரும் உங்களைக் கீழாக நினைக்கப் போவதில்லை. பொம்மை என்ற பொருளின் மீது ஆசை வந்துவிட்டால், 1960-களின் அசலுக்குப் போகாமல், எம்-ஒன்-கோ, மார்மிட் போன்ற சிறு கம்பெனிகள் 1990-களிலிருந்து அதே பாணியில் செய்துவந்த மறுவார்ப்புகளில் ஒன்றை வாங்கிக் கையில் வைத்துப் பாருங்கள். நாளைக்கு விலை ஏறும் என்று எண்ணி மட்டும் வாங்காதீர்கள்.

அண்ணாச்சி, மழைக்காலம் முடிந்து அலமாரியைத் திறந்தால் பொம்மை பிசுபிசு என்று இருக்கிறது. இரண்டின் பாதம் பலகையோடு ஒட்டிக்கொண்டது. ஈரம்தான் காரணமா? – தக்கலை வாசகர்

ஈரத்தின் மேல் முழுப் பழியையும் போட முடியாது. பி.வி.சி.யை மிருதுவாக்க அதில் ஒரு எண்ணெய்ப் பொருளைக் கலந்திருப்பார்கள். வெயிலும் புழுக்கமும் சேர்ந்தால் அது மெல்ல மெல்ல மேலே கசியும். மூடிய அலமாரியிலும் கட்டிய கவரிலும் போக இடமில்லாமல் மேல்தோலிலேயே தங்கிவிடும். ஈரம் கொண்டுவருவது பூஞ்சணத்தை. நம் ஊரில் தென்மேற்கு மழை, வடகிழக்கு மழை இரண்டும் உண்டு என்பதால் இரண்டு முறை கவனிக்க வேண்டியிருக்கிறது.

கழுவும் முறை: வெதுவெதுப்பான தண்ணீர் ஒரு கிண்ணம், அதில் பாத்திரம் கழுவும் திரவம் நாலைந்து சொட்டு. மென்மையான பழைய டூத் பிரஷால் முள்ளுக்கு இடையில் தேயுங்கள். ஊறப்போட வேண்டாம். நல்ல தண்ணீரில் அலசி, கை கால் இணைப்புகளைக் கீழ்நோக்கிச் சாய்த்து உள்ளே போன தண்ணீரை வடித்து, ஃபேன் காற்றில் ஒரு நாள் வையுங்கள். வெயிலில் காயப்போடாதீர்கள். தின்னர், நெயில் பாலிஷ் நீக்கி இரண்டும் பெயிண்டோடு வினைலையும் கரைக்கும். பிசுக்கு மறுபடி வந்தால் மறுபடி கழுவுவதைத் தவிர வழியில்லை. பவுடர் பூசினால் அது பிசுக்கோடு சேர்ந்து சாந்தாகி முள்ளிடுக்கில் உட்கார்ந்துவிடும்.

பலகையோடு ஒட்டியதற்கும் அதே எண்ணெய்தான் காரணம். வார்னிஷ், பெயிண்ட் அடித்த மரம், அக்ரிலிக், தெர்மாகோல் எல்லாவற்றையும் அது இளக்கும். பார்சலில் வந்த தெர்மாகோலிலேயே பொம்மையை வைத்திருந்தால் இன்றே எடுத்துவிடுங்கள், சில மாதத்தில் தெர்மாகோல் குழிந்து பொம்மையோடு ஒட்டும். கண்ணாடித் தட்டுதான் நல்லது. மரத்தட்டு என்றால் பாதத்துக்கு அடியில் கேக் சுடும்போது அடியில் போடும் சிலிக்கோன் பூசிய தாளை வெட்டிப் போடுங்கள். செய்தித்தாளில் சுற்றாதீர்கள், மை வினைலுக்குள் இறங்கிவிடும். ரப்பர் பேண்டும் கூடாது, அது போட்ட கறை போகாது. இரண்டு பொம்மைகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தால், அதிலும் சிவப்பும் வெள்ளையும் என்றால், சிவப்பு வெள்ளைக்கு ஏறும்.

ஒரு கால் உள்பக்கம் மடங்கி, பொம்மை முன்னால் சாய்கிறது. கையைக் கழற்றி மாட்டவும் வரவில்லை. – மார்த்தாண்டம் வாசகர்

இரண்டுக்கும் மருந்து சூடுதான். பெயிண்ட் குறைவான பண்டாய் என்றால் வெந்நீர். 60 முதல் 70 டிகிரி போதும், கொதிக்கக் கூடாது. காலை ஒன்றிரண்டு நிமிடம் முக்குங்கள், நேராக்கிப் பிடியுங்கள், பிடித்த பிடியிலேயே குளிர்ந்த தண்ணீர் வாளிக்குள் இறக்குங்கள். உள்பக்கமும் குளிரும்வரை விடக் கூடாது. பாதியில் விட்டால் பழைய கோணத்துக்கே திரும்பும். தூவல் பெயிண்ட் உள்ள பழைய பாணிப் பொம்மைக்கு வெந்நீர் வேண்டாம். ஹேர் டிரையரை ஒரு சாண் தள்ளிப் பிடித்து ஆட்டிக்கொண்டே சூடாக்குங்கள்.

கை கழற்ற, கையைவிட உடம்பிலுள்ள துளையைச் சுற்றித்தான் அதிகம் சூடாக்க வேண்டும். கையின் முனையில் உள்ளே அகன்ற விளிம்பு ஒன்று இருக்கும், அதுதான் பிடித்து நிறுத்துகிறது. துளை இளகியதும் திருகிக்கொண்டே இழுத்தால் வந்துவிடும். ஆறின நிலையில் பலம் போட்டால் அந்த விளிம்பு கிழியும், பிறகு கை நிற்காது. மாட்டும்போதும் இதே வரிசைதான்.

மறுபடி சாயாமல் இருக்கக் காலுக்குள் செயற்கைத் தலையணைப் பஞ்சை இறுக்கி அடைக்கலாம். இலவம் பஞ்சு ஈரம் பிடிக்கும். கடற்கரை மணலைப் போடலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். உப்பும் ஈரமும் உள்ளே போய்விடும், வேண்டாம்.

எங்கள் பக்கம் ரப்பர் பாலுக்குப் பஞ்சமில்லை. அதில் இந்தப் பொம்மையை வார்க்க முடியாதா? – குலசேகரம் வாசகர்

பொம்மை வார்க்கலாம், ஆனால் அது வேறு பொம்மை. வினைலுக்குச் சூடும் உலோக அச்சும் வேண்டும். ரப்பர் பாலுக்கு பிளாஸ்டர் அச்சு போதும், பிளாஸ்டர் தண்ணீரை உறிஞ்ச உறிஞ்ச சுவரில் தோல் கட்டும். மரத்திலிருந்து இறக்கிய பால் சரிப்படாது. அம்மோனியா சேர்த்து, இயந்திரத்தில் வேகமாகச் சுழற்றி ரப்பர் அளவை 60 சதவீதமாக்கிய பாலைத்தான் கேட்டு வாங்க வேண்டும். அச்சு நிறைய ஊற்றி, தோல் தேவையான கனத்துக்கு வந்ததும் மிச்சத்தைக் கவிழ்த்துவிடலாம். உலர்ந்ததும் சுருங்கும், முள்ளின் கூர்மை மழுங்கும். சில ஆண்டுகளில் காற்றும் வெளிச்சமும் பட்டு வெடிக்கவும் செய்யும். 1954 படத்தில் நடிகர் அணிந்த காட்ஸில்லா உடுப்பிலும் ரப்பர் பால் உண்டு. எனவே உங்கள் யோசனை அந்த ராட்சதத்துக்கு அந்நியமானது அல்ல.

கவரையும் மேலே உள்ள அட்டையையும் பிரிக்காமல் வைத்தால்தான் மதிப்பு என்கிறார்கள். – குளச்சல் வாசகர்

அட்டைக்கு மதிப்பு உண்டு, அது உண்மை. ஆனால் கடற்கரை ஊரில் முதலில் கெடுவது அட்டையில் அடித்த ஸ்டேப்ளர் பின்தான். உப்புக் காற்றில் துருப்பிடித்து, துரு அட்டைக்குள் ஊறி, பின்னைச் சுற்றிப் பழுப்பு வட்டம் விழும். பின்னின் கால்களைப் பின்பக்கம் மெல்ல நிமிர்த்தி, இழுக்காமல் எடுத்துவிடுங்கள். அட்டையைத் தனி பாலிப்ரொப்பிலீன் உறையில் தட்டையாக வையுங்கள். பொம்மை வெளியே காற்றாட இருக்கட்டும். பழைய கவரைத் தூக்கி எறிய வேண்டாம், மடித்து அட்டையோடு வையுங்கள்.

பெயிண்ட் அடிக்காத வெறும் வார்ப்பு ஒன்று வாங்கினேன். ஹார்டுவேர் கடை ஸ்ப்ரே அடித்து மூன்று வாரம் ஆகியும் விரல் ஒட்டுகிறது. – இரணியல் வாசகர்

இனியும் காயாது. அது எனாமல் ஸ்ப்ரே. வினைலிலிருந்து கசியும் எண்ணெய் அதை இறுக விடாது. சாதா அக்ரிலிக் காயும், ஆனால் கையை அசைத்தவுடன் இணைப்பில் உரியும். வினைலோடு பிணைகிற வினைல் பெயிண்ட்தான் வேண்டும். ஜப்பானில் பலரும் பயன்படுத்துவது ‘வி கலர்’. அதற்குரிய தின்னரில் நீர்க்கக் கலந்து ஏர்பிரஷில் மெல்லிய பூச்சாக அடிக்க வேண்டும். அடிப்பதற்கு முன் சோப்புத் தண்ணீரில் கழுவுவது கட்டாயம், அச்சின் எண்ணெய் மேலே இருக்கும். சன்னலைத் திறந்து, ஆவிக்கான முகமூடி போட்டுக்கொண்டு அடியுங்கள். மழை பெய்கிற நாளில் அடித்தால் பூச்சு வெளுத்து மங்கும்.

ஜப்பானிலிருந்து வரவழைக்கும்போது ‘பரிசு’ என்று எழுதச் சொல்லலாமா? போலியை எப்படிக் கண்டுபிடிப்பது? – கன்னியாகுமரி வாசகர்

எழுதுவதால் பயனில்லை. தபாலிலும் கூரியரிலும் வரும் பரிசுக்கு இருந்த வரிச் சலுகை 2019 டிசம்பரில் போய்விட்டது. ராக்கிக்கும் உயிர்காக்கும் மருந்துக்கும் மட்டும் விலக்கு. பொம்மைக்கான அடிப்படைச் சுங்கவரி 2020-ல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆகி, 2023-ல் 70 ஆனது. வாங்கும் முன் வரியையும் விலையோடு கூட்டிப் பாருங்கள். உள்ளே வெற்றிடம்தான் என்றாலும் கூரியர்காரர் பெட்டியின் அளவுக்குத்தான் கணக்குப் போடுவார். தலையையும் கையையும் கழற்றி அடுக்கி அனுப்பச் சொன்னால் பெட்டி சிறிதாகும்.

போலி என்பது பெரும்பாலும் அசல் பொம்மையிலிருந்தே அச்சு எடுத்து வார்த்தது. அது அசலைவிடச் சற்றுச் சிறியது, தோலின் வரி மழுங்கியிருக்கும், பாதத்தடி முத்திரை எழுத்தின் ஓரம் வட்டமாகியிருக்கும். விற்பவரிடம் பாதத்தடியின் படம், தலையைக் கழற்றிய கழுத்து வாயின் படம், ஸ்கேல் பக்கத்தில் வைத்து உயரத்தின் படம், இந்த மூன்றையும் கேளுங்கள். ஆனால் முத்திரையை மட்டும் நம்பி ‘இது 1960-களின் அசல்’ என்று முடிவு கட்டாதீர்கள். பழைய அச்சிலேயே பின்னாளில் வார்த்திருந்தால் பழைய முத்திரையும் கூடவே வரும். மூன்று படங்களில் ஒன்றைக் கொடுக்கத் தயங்கினாலும் வேறு ஆளைப் பாருங்கள்.