தறியில் உட்கார நினைக்கிற பெண்ணுக்கு ஏன் நிர்வாகப் படிப்பு?

ஜவுளி வடிவமைப்பு முடித்த மகள், இனி டேப்பெஸ்ட்ரி, அதாவது வண்ண நூல்களாலேயே படம் உருவாக்கும் நெசவு, செய்யப் போகிறேன் என்கிறாள். பெரியப்பாவோ ஃபேஷன் மேனேஜ்மென்ட் முதுகலையில் சேர்க்கச் சொல்லி, கல்விக் கடன் விண்ணப்பம்வரை வாங்கி வைத்துவிட்டார். அப்பாவும் அம்மாவும் மகளைக் கூட்டிக்கொண்டு என்னிடம் வந்தார்கள்.

பயப்படாதீர்கள் என்றுதான் பேச்சைத் தொடங்கினேன். கடன் தொகையைப் பார்த்ததும் சமாதானம் சொல்ல மனம் வரவில்லை. அந்தப் படிப்பு கொள்முதல், விற்பனை, கணக்கு பற்றியது. நூலைத் தொட ஆசைப்படுகிறவளுக்கு அதில் என்ன இருக்கிறது? கடனைக் கட்டப்போவதும் பெரியப்பா இல்லை, அவள்தான்.

டேப்பெஸ்ட்ரி என்றதும் பலரும் எம்பிராய்டரியை நினைக்கிறார்கள். (பிரான்சில் உள்ள புகழ்பெற்ற பேயோ டேப்பெஸ்ட்ரியே உண்மையில் ஊசி வேலைதான்!) சாதாரண நெசவில் ஊடை நூல், அதாவது குறுக்கு நூல், ஒரு கரையிலிருந்து மறுகரை வரை ஓடும். இதில் ஒவ்வொரு நிறமும் தன் இடத்துக்குள்ளேயே போய்த் திரும்பும். தறியில் இழுத்துக் கட்டிய நீள நூலான பாவு கண்ணுக்கே தெரியாதபடி ஊடையை அடித்து நெருக்க வேண்டும். இரு நிறங்கள் செங்குத்தாகச் சந்திக்கும் இடத்தில் பிளவு விழும். அதைத் தைப்பதா, நூல்களைக் கோப்பதா, நிழல்கோடாக விட்டுவிடுவதா என்பது நெய்பவரின் முடிவு. வட்டம்தான் ஆளைச் சோதிக்கும்: படிப்படியாக ஏறுகிற நூலில் வளைவைக் கொண்டுவர வேண்டும். பாரிஸின் கோப்லான் டேப்பெஸ்ட்ரி நெசவுக் கூடத்தில் நிமிர்ந்த தறியில் பின்புறமிருந்து நெய்து, முன்புறத்தைக் கண்ணாடியில் பார்த்துக்கொள்வார்கள்.

உங்கள் மகளுக்குச் சாயம் தெரியும், நிறம் தெரியும். பல மெல்லிய இழைகளைச் சேர்த்து ஒரு புதிய நிறம் உண்டாக்குகிற வேலைக்கு அது பெரிய முதல். தறிகூட இப்போது வேண்டாம். உறுதியான மரச்சட்டம், பருத்திப் பாவு, கம்பளி நூல், அடித்து நெருக்க ஒரு முள்கரண்டி. ஆறு மாதம், உள்ளங்கை அளவுத் துண்டுகள். அதற்கு முன் எந்தப் படிப்புக்கும் கடன் வாங்கக் கூடாது. இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

அப்புறம் முறையான பயிற்சி. இங்கிலாந்தின் வெஸ்ட் டீன் கல்லூரியில் இந்த நெசவு கற்பிக்கப்பட்டு வருகிறது. எடின்பரோவில் 1912இல் தொடங்கிய டவ்கோட் நெசவுக் கூடம், மெல்பர்னில் 1976இல் தொடங்கிய டேப்பெஸ்ட்ரி கூடம் போன்றவை ஓவியர்களின் படைப்புகளை நெசவாக்குகின்றன. அங்கே நெசவாளர் வெறும் நகலெடுப்பவர் அல்ல. தூரிகைத் தீற்றலை நூலில் எப்படிச் சொல்வது என்று தீர்மானிப்பவர்.

வருமானமா? பெரிய துண்டு ஒன்றுக்கே மாதக்கணக்கில் ஆகும், ஆர்டர்களும் குறைவு. முதல் சில ஆண்டுகள் வகுப்பெடுப்பதோ பகுதிநேர வேலையோ கூடவே இருக்க வேண்டும். இதை அவளிடம் மறைக்காதீர்கள். இரண்டாவது மாதமே சட்டத்தை மூலையில் சாத்தி வைத்தால் அதுவும் ஒரு பதில்தான். நஷ்டம் கொஞ்சம் நூல்.

கடைசியாக அவளிடமே கேட்டேன், வட்டம் நெய்து பார்த்தாயா என்று.

"நாலு தடவை பிரிச்சுட்டேன். அஞ்சாவது பரவாயில்லை."

அப்பா விண்ணப்பத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.