தாத்தாவின் ஊரைத் தேடும் சகோதரிக்கு

வணக்கம். 1930களில் நாகப்பட்டினத்தில் கப்பலேறி, மலாயாவின் (இன்றைய மலேசியா) பினாங்கில் இறங்கி, கெடா மாநில ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவிய தாத்தாவின் பூர்வீக ஊரை இணையத்தில் எங்கே தேடுவது என்று கேட்டிருந்தீர்கள்.

முதலில் வீட்டுப் பெட்டியைத் திறந்து பாருங்கள். பழைய மணியார்டர் ரசீது, அஞ்சல் முத்திரையுள்ள உறை, குலதெய்வத்தின் பெயர் என ஏதேனும் ஒன்று கிடைத்தாலும் தேடல் வெகுவாகச் சுருங்கிவிடும். குலதெய்வத்தைத்தான் நான் பெரிதாக நம்புவேன். ஊர்ப் பெயரை மறந்த குடும்பங்கள்கூட அதை மறப்பதில்லை.

பிறகு குடும்ப வரலாற்றுப் பதிவுகளைத் தேட உதவும் ஃபேமிலிசர்ச் தளம், கட்டணம் இல்லை. முருகேசன் போன்ற ஒரே பெயரை அன்றைய எழுத்தர்கள் காதில் விழுந்தபடியெல்லாம் ஆங்கிலத்தில் எழுதினார்கள். ஆகவே எழுத்துகளை மாற்றி மாற்றித் தேடுங்கள்.

சிங்கப்பூர் தேசிய நூலகத்தின் நியூஸ்பேப்பர்எஸ்ஜி தளத்தில் மலாயாச் செய்திகள் ஏராளம். 1935இல் தொடங்கிய தமிழ் முரசின் பழைய இதழ்களும் உண்டு. அங்கே தாத்தாவின் பெயரைவிடத் தோட்டத்தின் பெயரை இட்டுத் தேடுங்கள். தொழிலாளியின் பெயர் அச்சில் ஏறுவது அரிது. கோலாலம்பூர் தேசிய ஆவணக் காப்பகத்தின் இணையப் பட்டியலிலும் அப்படியே.

வீட்டில் மூத்தவர்கள் இருந்தால் இந்த வாரமே பேச வைத்துப் பதிவு செய்துவிடுங்கள். தோட்டத்தின் பெயரை இங்கே எழுதுங்கள், நானும் தேடுகிறேன்.