டவர் சொன்ன ஊர்

அன்புள்ள ஐயா,

காவல் துறையில் செல்போன் பதிவுகளை ஆராயும் பிரிவில் தாங்கள் பல ஆண்டுகள் பணியாற்றியதாகத் தங்கள் சிறுகதைத் தொகுப்பின் முன்னுரையில் படித்தேன். நான் தொண்டியைச் சேர்ந்தவன். மின்னணுவியல் படித்துவிட்டு, சென்னையில் ஒரு தனியார் நிறுவனத்தில் 4 ஆண்டுகளாகத் தரவுப் பகுப்பாய்வு வேலையில் இருக்கிறேன். இப்போது உதவி ஆய்வாளர் தேர்வுக்குப் படித்துவருகிறேன். தேர்ச்சி பெற்றால் தாங்கள் இருந்தது போன்ற ஒரு பிரிவுக்குப் போக வேண்டும் என்பது என் ஆசை. இங்கிலாந்தில் இருக்கும் என் மச்சான், அங்கே காவல் துறையில் தொலைத்தொடர்புத் தரவுப் புலனாய்வாளர் என்று தனிப் பணியிடமே உண்டு என்கிறார். உம்மாவோ, "ஊரார் பேச்சை ஒட்டுக்கேட்கிற வேலை நமக்கு வேண்டாம்" என்கிறார்கள். நாள் முழுக்க எக்ஸெல் தாளைப் பார்த்துக்கொண்டிருக்கும் சலிப்பான வேலை என்பது நண்பர்களின் கருத்து. இதில் எது உண்மை? ஊர்க்காரனாக இருப்பதால் எனக்கு ஏதேனும் அனுகூலம் உண்டா?

எம்.,
தொண்டி

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் உம்மாவின் அச்சத்திலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் நீங்கள் கேட்டவற்றில் அதுவே கனமான கேள்வி. நாங்கள் சி.டி.ஆர். என்று அழைக்கும் அழைப்பு விவரப் பட்டியலில் பேச்சு இருக்காது. எந்த எண், எந்த எண்ணோடு, எந்தத் தேதியில், எத்தனை மணிக்கு, எத்தனை விநாடி பேசியது, எந்தக் கருவியில் எந்த சிம் இருந்தது, அழைப்பு எந்த டவரில் தொடங்கி எந்த டவரில் முடிந்தது என்பவை மட்டுமே வரிவரியாக இருக்கும். பேச்சைக் கேட்பதற்கான வழி முற்றிலும் வேறு. முன்பு 1885ஆம் ஆண்டுத் தந்திச் சட்டத்தின் கீழும், இப்போது 2023ஆம் ஆண்டுத் தொலைத்தொடர்புச் சட்டத்தின் கீழும், மாநில அளவில் உள்துறைச் செயலாளரின் எழுத்துபூர்வமான ஆணை அதற்கு வேண்டும். அந்த ஆணைகளை ஒரு குழு மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்ற ஏற்பாடு, 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பிலிருந்து வந்தது. பட்டியலைப் படிப்பவருக்கும் ஒட்டுக்கேட்பவருக்கும் இடையே சட்டம் இட்டிருக்கும் கோடு தெளிவானது.

ஆனால் இதைச் சொல்லி உம்மாவை வாயடைக்க வைத்துவிடாதீர்கள், அவர்கள் சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது. பேச்சே இல்லாத பட்டியலிலிருந்து ஒரு வீட்டின் உள்ளறை வரை போய்விட முடியும். இரவு 2 மணிக்கு ஒரே எண்ணுக்குத் தினமும் போகும் 40 நிமிட அழைப்பு, மகப்பேறு மருத்துவமனைக்குப் போன 3 அழைப்புகளும் அதன் பிறகு திடீரென்று நின்றுபோன தொடர்பும், வட்டிக்குக் கொடுப்பவரிடமிருந்து மாதத்தின் முதல் வாரத்தில் மட்டும் வரும் அழைப்புகள் ஆகியவற்றுக்கு விளக்கம் சொல்ல ஒலிப்பதிவு தேவைப்படாது. நான் தேடியது காணாமல்போன ஒருவரை. வழியில் தெரிந்துகொண்டதோ அவருடைய தங்கையைப் பற்றி யாருக்கும் தெரியாத ஒரு செய்தியை. வழக்குக்குத் தொடர்பில்லாத அத்தகைய செய்தியைக் குறிப்பேட்டில்கூட எழுதாமல் விடுவது எளிது என்றுதான் நினைத்திருந்தேன். தேநீர் நேரத்தில் சக ஊழியர் "என்னப்பா சிக்கியது?" என்று கேட்கும்போதுதான் அதன் கடினம் புரியும்.

உங்கள் மச்சான் சொல்வது சரிதான். இங்கிலாந்தில் 2016ஆம் ஆண்டுப் புலனாய்வு அதிகாரங்கள் சட்டத்துக்குப் பிறகு, ஒரு புலனாய்வு அதிகாரி தரவு கேட்டால், அதற்கென்று பயிற்சி பெற்ற ஒருவர் அந்தக் கோரிக்கையைச் சோதித்து, வழக்கமான நேர்வுகளில் 2019 முதல் காவல் துறைக்கு வெளியே இருக்கும் தனி அலுவலகம் ஒன்றின் ஒப்புதலுக்கு அனுப்புகிறார். கேட்பவரும் ஒப்புபவரும் ஒரே கூரையின் கீழ் இருக்கக் கூடாது என்பது அந்த ஏற்பாட்டின் கருத்து. நம்மிடம் அப்படி வெளியே ஓர் அலுவலகம் இல்லை, கோரிக்கை எஸ்.பி. அலுவலகத்தின் வழியாகத் தொலைத்தொடர்பு நிறுவனத்தின் பொறுப்பு அலுவலருக்குப் போகிறது. அங்கே நிறுவனங்களைப் பதிவுகளை வைத்திருக்கச் சொல்லக்கூடிய உச்சவரம்பு 12 மாதங்கள். இங்கே 2021 டிசம்பரில் திருத்தப்பட்ட உரிம நிபந்தனையின்படி குறைந்தது 2 ஆண்டுகள். இந்த இரண்டு எண்களையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது, நம் பக்கத்தில் பட்டியலைத் திறப்பவரின் கை கூடுதலாகக் கட்டுப்பட்டிருக்க வேண்டும் என்றே எனக்குத் தோன்றுகிறது.

இனி எக்ஸெல் பற்றி. சலிப்பான வேலையா என்றால், ஆமாம், பெரும்பகுதி சலிப்பானதுதான். நிறுவனத்துக்கு நிறுவனம் பத்திகளின் வரிசை மாறும். தேதியும் மாதமும் இடம் மாறி, ஏப்ரல் 3இல் நடந்தது மார்ச் 4இல் நடந்ததாகிவிடும். கருவியின் 15 இலக்க ஐ.எம்.இ.ஐ. எண்ணை எக்ஸெல் புள்ளி வைத்துச் சுருக்கிக் காட்டும். அந்த எண்ணின் கடைசி இலக்கம் பட்டியலில் பெரும்பாலும் 0 என்றே வரும் என்பதை அறியாத புதியவர், பெட்டியின் மேல் அச்சிட்ட எண்ணோடு ஒப்பிட்டுவிட்டு "இது வேறு போன்" என்று கோப்பை மூடிவிடுவார். வந்த கோப்பைத் தொடாமல் வைத்து, அதன் ஹேஷ் மதிப்பை, அதாவது கோப்பில் ஓர் எழுத்து மாறினாலும் மாறிவிடும் அடையாளக் குறியீட்டை, குறித்துக்கொண்டு, நகலில் மட்டும் வேலை செய்ய வேண்டும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவு கேட்கும் சான்றிதழில் அந்த ஹேஷ் மதிப்பையும் குறிப்பிட வேண்டும். பழைய சாட்சியச் சட்டத்தின் 65பி பிரிவு இருந்த காலத்தில் சான்றிதழ் இல்லாததாலேயே நல்ல சான்றுகள் நீதிமன்றத்தில் நிற்காமல் போயிருக்கின்றன. இவையெல்லாம் 6 மாதங்களில் பழகிவிடும்.

பழகாதது ஒன்று உண்டு. அதைச் சொல்ல என் தவறு ஒன்றையே எடுத்துக்கொள்கிறேன். கீழக்கரையில் ஒரு பைபர் படகின் இன்ஜின் களவு போயிற்று. சந்தேகத்துக்குள்ளானவர் ஓர் உப்பளத் தொழிலாளி. அன்று இரவு முழுவதும் வாலிநோக்கத்தில்தான் இருந்தேன் என்பது அவருடைய பதில். பட்டியலைப் பார்த்தேன், இரவு 9.40க்கு அவருடைய போன் கீழக்கரை டவரில் இருந்தது. "பொய் சொல்கிறார்" என்று நானே ஆய்வாளரிடம் சொன்னேன், சொன்னபோது எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. மறுநாள் வேறு ஒரு வேலையாக வாலிநோக்கம் போயிருந்தபோது, தேநீர்க் கடைக்காரர் பேச்சுவாக்கில் சொன்னார்: "அன்னைக்கு ராத்திரி கரண்டும் இல்ல, டவரும் இல்ல சார். கடக்கரையில போயி நின்னாத்தான் ஒரு புள்ளி வந்துச்சு."

வாலிநோக்கத்திலிருந்து விரிகுடாவின் குறுக்கே நேர்கோட்டில் பார்த்தால் கீழக்கரை 15 கி.மீ.க்குச் சற்று மேல் இருக்கும். நடுவில் கட்டடமோ மரமோ மேடோ கிடையாது, தண்ணீர்தான். நிலத்தில் 2 தெருவைத் தாண்டுவதற்குள் தேய்ந்துவிடும் அலைவரிசை கடலின் மேல் தங்குதடையின்றிப் போகும். பழைய 2ஜி டவர் ஒன்று கணக்குப்படி ஏறத்தாழ 35 கி.மீ. வரை ஒரு போனோடு பேச முடியும். ஊர் டவர் மின்சாரமின்றி அணைந்துவிட, கரையில் நின்ற அவருடைய போன் எதிர்க்கரையின் டவரைப் பிடித்திருக்கிறது. நிறுவனத்திடம் அந்த இரவின் பழுதுப் பதிவைக் கேட்டு வாங்கினோம். கடைக்காரர் சொன்னதே சரி. அந்த மனிதர் அதற்குள் 2 நாட்களைக் காவல் நிலையத்து பெஞ்சில் கழித்திருந்தார். அந்த 2 நாட்களுக்கு நானே பொறுப்பு.

இது நம் ஊரின் குறைபாடு என்று எண்ண வேண்டாம். டென்மார்க்கில், நிறுவனங்கள் தந்த மூலத் தரவைக் காவல் துறைக்கு ஏற்றபடி மாற்றித்தந்த மென்பொருள் சில அழைப்புகளை விட்டுவிட்டதும், சில டவர்களை வேறு இடத்தில் காட்டியதும் தெரியவந்து, 2019 ஆகஸ்டில் அத்தகைய தரவை நீதிமன்றத்தில் பயன்படுத்துவதையே 2 மாதங்களுக்கு நிறுத்தி வைத்தார்கள். 10,000க்கும் மேற்பட்ட வழக்குகளை மீண்டும் எடுத்துப் பார்க்க வேண்டியதாயிற்று. காவலில் இருந்த 32 பேர் வெளியே வந்தார்கள்.

ஊர்க்காரனாக இருப்பதன் அனுகூலம் இங்கேதான் வருகிறது. சி.டி.ஆர். பட்டியலில் அழைப்போ குறுஞ்செய்தியோ நடந்தால்தான் வரி விழும். வரி இல்லாத நேரத்தில் போன் அணைக்கப்பட்டிருந்தது என்று அர்த்தமில்லை. யாரும் அழைக்காமல் இருந்திருக்கலாம், டவர் எட்டாத கடலில் இருந்திருக்கலாம். தனுஷ்கோடியில், அரிச்சல்முனைப் பக்கம், இலங்கையின் அலைவரிசை வந்து போனைக் குழப்புவதை நீங்களே கண்டிருப்பீர்கள். வெளியூரிலிருந்து வந்த ஓர் அதிகாரி, கெட்டிக்காரர்தான், ஒருமுறை பாம்பன் பக்கத்து 14 எண்களை என்னிடம் காட்டி, ஒரே மாலையில் அத்தனையும் மௌனமாகி மறுநாள் விடியற்காலையில் ஒரே டவரில் உயிர்பெற்றிருக்கின்றன, இது திட்டமிட்ட கும்பல் என்றார். நான் நாட்காட்டியைப் பார்த்தேன். அது விசைப்படகுகள் கடலுக்குப் போகும் நாள். வாரத்தில் 3 நாட்கள் விசைப்படகுக்கும் மற்ற நாட்கள் நாட்டுப்படகுக்கும் என்று இங்கே பிரித்துக்கொண்டிருப்பதும், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையான 61 நாள் தடைக்காலத்தில் அந்த ஒழுங்கு முழுவதும் மாறிவிடுவதும், வாடைக் காற்றில் ஒரு கடலும் கச்சான் காற்றில் மறு கடலும் தொழிலுக்கு ஆகாமல் போவதும் எந்த மென்பொருளிலும் இல்லை. சற்று யோசித்துப் பார்த்தால், கடல் அட்டையோ பீடி இலையோ கடத்துபவரும் அதே கடலில், அதே இருட்டில்தான் போகிறார். ஆகவே கடலுக்குப் போகாத நாளில் மௌனமான போன்தான் என் கண்ணை இழுக்கும்.

எண்ணுக்கு உரியவர் யார் என்பதிலும் இதே சிக்கல் உண்டு. கீழக்கரையிலும் பெரியபட்டினத்திலும் உங்கள் தொண்டியிலும் வளைகுடாவுக்குப் போன மகனின் சிம்மைத் தாயார் பயன்படுத்துவார். படகு உரிமையாளர் தம் பெயரில் 5 சிம் வாங்கி ஆட்களுக்குக் கொடுத்திருப்பார். பயன்பாட்டிலிருந்து நீக்கப்பட்ட எண் 90 நாட்களுக்குப் பிறகு வேறொருவருக்குப் போகலாம் என்பதால், போன ஆண்டு குற்றம் சாட்டப்பட்டவரும் இந்த ஆண்டு குற்றம் சாட்டப்பட்டவரும் ஒரே எண்ணில் இரண்டு மனிதர்களாக இருப்பார்கள். வாட்ஸ்அப்பில் பேசுவது அழைப்புப் பட்டியலில் அழைப்பாக வராது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். துபாயோடு தினமும் பேசும் வீட்டின் பட்டியலில் ஒரு வெளிநாட்டு அழைப்புகூட இல்லாமல் இருக்கும்.

நீதிமன்றத்தில் என்னை ஒரு மூத்த வழக்கறிஞர் 3 கேள்விகள் கேட்டார். "இந்த உரையாடலை நீங்கள் கேட்டீர்களா?" இல்லை. "போனை என் கட்சிக்காரர் கையில் வைத்திருந்ததைப் பார்த்தீர்களா?" இல்லை. "டவர் நிற்கும் இடத்தில் அவர் நின்றாரா?" தெரியாது. அரசுத் தரப்பில் முகம் சுளித்தார்கள். ஆனால் அந்த 3 பதில்களையும் என் அறிக்கையின் முதல் பக்கத்திலேயே எழுதியிருந்ததால், குறுக்கு விசாரணை அங்கேயே நின்றது. மீதியை ஒரு பெட்ரோல் பங்கின் கேமராவும் பில்லும் நிரூபித்தன. என் பட்டியல் செய்ததெல்லாம், எந்த பங்கில், எந்த மணிநேரத்தில் தேட வேண்டும் என்று காட்டியதுதான்.

தேர்வுக்கு இன்னும் நாளிருந்தால், சென்னையிலிருந்து ஊருக்கு வரும் அடுத்த முறை ஒரு சோதனை செய்து பாருங்கள். வெவ்வேறு நிறுவனங்களின் 2 சிம்களைப் போட்டுக்கொண்டு தொண்டி, நம்புதாளை, காரங்காடு, தேவிபட்டினம் என்று கரையோரமாகப் போய், டவர் எண்ணைக் காட்டும் செயலியில் பகலிலும் இரவிலும் எந்த டவர் பிடிக்கிறது என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். உங்கள் வீட்டு மாடியில் நிற்கும்போது எந்த ஊர் டவர் வருகிறது என்பதை உம்மாவுக்கும் காட்டுங்கள். அதைப் பார்த்துவிட்டு அவர்கள் என்ன சொன்னார்கள் என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்.