பாதித் தெரு எழும்பட்டும் என்று காத்திருக்கலாமா?

கேள்வி: கலிஃபோர்னியாவில் லாஸ் ஏஞ்சலஸ் பக்கத்து ஆல்டடீனாவில் இருந்த எங்கள் 1,700 சதுர அடி வீடு 2025 ஜனவரி ஈட்டன் தீயில் முழுசாகப் போய்விட்டது. மனையைச் சுத்தம் செய்து கொடுத்துவிட்டார்கள். இப்போது பாசடீனாவில் மாதம் 4,200 டாலர் வாடகை, 2025 பிப்ரவரியிலிருந்து இன்சூரன்ஸ் கொடுக்கிறது, அந்தப் பிரிவின் மொத்த வரம்பு 1,30,000. வீட்டுக்கான வரம்பு 6,20,000, அதற்கு மேல் 25 சதவீதம் கூடுதல், கட்டட விதிச் செலவுக்கு இன்னொரு 10 சதவீதம். பில்டர் கேட்பது 8,90,000. கடன் பாக்கி 3,10,000. மனையை மட்டும் 5,80,000-க்கு ஒருவர் கேட்கிறார். எங்கள் தெருவில் எரிந்த 14 வீடுகளில் 3தான் எழும்பியிருக்கிறது. யார் யாருக்குக் கட்டட அனுமதி கிடைத்தது என்று கவுண்டி (மாவட்ட நிர்வாகம்) இணையத்தில் காட்டும் பெர்மிட் டாஷ்போர்டைத் தினமும் பார்க்கிறேன். பாதித் தெருவாவது வரட்டும், 2027 கோடைக்கு முன்னால் தொடங்கலாம் என்பது என் எண்ணம். விற்றுவிடலாம் என்கிறார் என் கணவர். யார் சொல்வது சரி?

பதில்: கட்டுவதும் சரி, விற்பதும் தப்பில்லை. காத்திருப்பதுதான் இந்த மூன்றில் மோசமானது, அதுவும் உங்கள் கணக்கில் ரொம்பவே மோசம்.

வாடகையிலிருந்து ஆரம்பிப்போம். 1,30,000-ஐ 4,200-ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 31 மாதம், அதாவது 2027 ஆகஸ்ட் வரை. ஆனால் பணம் மிச்சம் இருந்தாலும் காலக்கெடு தனியாக ஓடுகிறது. அவசரநிலை அறிவித்த பேரிடர் என்பதால் கலிஃபோர்னியா சட்டப்படி குறைந்தது 24 மாதம் தர வேண்டும், உங்கள் கையில் இல்லாத காரணத்தால் கட்டுமானம் தாமதமானால் இன்னும் 12 மாதம். இந்த 'கையில் இல்லாத காரணம்' என்பதைக் கொஞ்சம் கவனியுங்கள். பெர்மிட் இழுத்தடித்தது, பொருள் கிடைக்கவில்லை, பில்டர் கிடைக்கவில்லை என்றால் நீட்டிப்பு கேட்க வழியுண்டு. "பக்கத்து வீட்டுக்காரர்கள் வரட்டும் என்று பார்த்தேன்" என்று எழுதினால் என்ன பதில் வரும் என்று நினைக்கிறீர்கள்?

வீட்டுத் தொகையிலும் இதே கதைதான். மறுபடி கட்டும் முழுச் செலவையும் வசூலிக்க, இன்சூரன்ஸ் கொடுத்த முதல் காசோலைத் தேதியிலிருந்து 36 மாதம் உங்களுக்கு உண்டு, அப்புறம் தகுந்த காரணம் காட்டினால் ஆறு ஆறு மாதமாக நீட்டலாம். முதல் காசோலை 2025 மார்ச்சில் வந்திருந்தால் கெடு 2028 மார்ச். 2027 ஏப்ரலில் பெர்மிட் வாங்கி ஒரு வருஷம் கட்டினால் அந்தக் கெடுவையும் தாண்டுகிறீர்கள், வாடகைப் பணம் தீர்ந்த பிறகு 8 மாதம் சொந்தக் காசில், அதாவது 33,600 டாலர் தருகிறீர்கள். 2026 அக்டோபருக்குள் பெர்மிட் கையில் இருந்தால் அதே கணக்கு 2 மாதம், 8,400. தெருவைப் பார்த்துக்கொண்டிருப்பதற்கான விலை 25,000 டாலர், கட்டுமான விலை ஏறினால் அது தனி.

சரி, டாஷ்போர்டுக்கு வருவோம். பார்க்க வேண்டாம் என்று சொல்லவில்லை, எதைப் பார்ப்பது என்பதுதான் விஷயம். விண்ணப்பித்தது, அனுமதி கிடைத்தது, அஸ்திவார ஆய்வு முடிந்தது, குடியேறலாம் என்று கடைசிக் கையெழுத்து ஆனது, இவை நான்கும் வேறு வேறு. பெர்மிட் வாங்கி வைத்துவிட்டுப் பணத்துக்கு அலைகிறவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. ஒரே மனையில் வீடும் பின்னால் சிறிய துணைவீடும் போட்டால் பெர்மிட் இரண்டு என்பதையும் மறக்காதீர்கள். ஊர் முழுக்க எத்தனை சதவீதம் என்பதை விட்டுவிட்டு உங்கள் தெருவின் மீதி 11 மனைகளையும் முகவரி போட்டுத் தேடுங்கள். அஸ்திவார ஆய்வு வரை வந்தவர் பெரும்பாலும் முடித்துவிடுவார். எந்த மனை கைமாறியது, வாங்கியது குடும்பமா கம்பெனியா என்பது கவுண்டியின் சொத்துப் பதிவில் தெரியும். கம்பெனி வாங்கினால் கெட்டது என்று அர்த்தமில்லை, அவர்கள் சீக்கிரம் கட்டி விற்பார்கள், தெரு நிரம்பும். நீங்கள் எதிர்பார்க்கிற பழைய முகங்கள் இருக்காது, அவ்வளவுதான்.

முன்னால் எரிந்த ஊர்களைப் பார்த்தால் வேகம் எதனால் வருகிறது என்று புரியும். 2017 அக்டோபரில் டப்ஸ் தீயில் எரிந்த சான்டா ரோசாவின் காஃபி பார்க் மூன்று வருஷத்தில் பெரும்பாலும் எழுந்துவிட்டது: சமதளம், ஒரே மாதிரி வரைபடங்கள், ஒரே பில்டர் வரிசையாகப் பல வீடுகளைக் கட்டினார். அதே தீயில் அதே ஊரில் எரிந்த ஃபவுன்டன்குரோவ் மலைச்சரிவு, தனித்தனி வடிவமைப்பு, அதனால் பின்தங்கியது. 2018 நவம்பரில் 18,000-க்கும் அதிகமான கட்டடங்களை எரித்த கேம்ப் தீயில் பெரும்பகுதியை இழந்த பாரடைஸ் ஊர் இன்னும் மெதுவாகத்தான் வளர்கிறது. குடிநீர்க் குழாய்களில் பென்சீன் கலந்தது, பல வீடுகளுக்குக் கழிவுநீர்த் தொட்டிதான், பக்கத்தில் வேலைவாய்ப்பும் குறைவு. ஆல்டடீனாவுக்கு லாஸ் ஏஞ்சலஸ் வேலைச்சந்தை பக்கத்திலேயே இருக்கிறது, நிலத்துக்கு எப்போதும் ஆள் உண்டு. ஆனால் பழைய வீடுகள், ஒன்றைப் போல் ஒன்று இல்லை, பல வருஷமாக அங்கேயே இருந்த வயதானவர்கள் நிறைய. ஆகவே காஃபி பார்க் வேகத்தை எதிர்பார்க்காதீர்கள், பாரடைஸ் ஆகிவிடும் என்று பயப்படவும் வேண்டாம். தெருவில் நான்கைந்து பேர் சேர்ந்து ஒரே பில்டரிடம் போக முடியுமா என்று விசாரியுங்கள். டாஷ்போர்டு பார்ப்பதைவிட அந்த நேரத்துக்குப் பலன் அதிகம்.

இன்னொன்றும் கண்காணியுங்கள், இதை யாரும் பார்ப்பதில்லை: உங்கள் தண்ணீர் கம்பெனி. ஆல்டடீனாவின் பெரும்பகுதிக்குத் தண்ணீர் தருவது வாடிக்கையாளர்களே பங்குதாரர்களாக உள்ள மூன்று சின்னக் கம்பெனிகள். அவற்றில் வீடுகளை அதிகம் இழந்த கம்பெனிக்கு வருமானம் போயிருக்கும், குழாய்ச் செலவு போயிருக்காது. பங்குதாரர் கூட்டத்துக்குப் போய்க் கட்டண உயர்வு பற்றிக் கேளுங்கள்.

இப்போது பணம். 6,20,000, கூடுதல் 1,55,000, விதிச் செலவுக்கு 62,000 வரை, மொத்தம் 8,37,000. பில்டர் கேட்பதற்கு 53,000 குறைகிறது. விதிச் செலவுத் தொகை சும்மா வராது, தீயணைப்புத் தெளிப்பான், தீப்பொறி புகாத காற்றுத் துவாரம் என்று புதிய விதி கேட்பதை பில்டர் தன் மதிப்பீட்டில் தனியாகப் பிரித்துக் காட்ட வேண்டும். பாலிசியில் கொட்டகை, வேலிக்கென்று 'பிற கட்டுமானங்கள்' பிரிவு இருக்கும், நீங்கள் அதை எழுதவில்லை. இந்த மாதிரிப் பேரிடரில் வீட்டு வரம்பு போதாவிட்டால் அந்த வரம்பையும் வீடு கட்டுவதற்கே சேர்த்துக் கேட்க இங்கே சட்டம் இடம் தருகிறது. 53,000-இல் பாதிக்கு மேல் அங்கேயே அடைபடலாம்.

விற்றால்? மனை 5,80,000-உம் வீட்டுத் தொகை 7,75,000-உம் சேர்த்துக் கடனைக் கழித்தால் 10,45,000, கடன் இல்லாமல், விற்பனைச் செலவு போக. வேறு ஊரில் வீடு வாங்கினாலும் இன்சூரன்ஸ் முழுத் தொகையும் தர வேண்டும், புது இடத்தின் நில மதிப்பைக் கழிக்கக் கூடாது. ஆனால் வாங்கினால்தான் அந்த முழுத் தொகை. வாங்காமல் வாடகையிலேயே இருந்தால் தேய்மானம் கழித்ததுதான் கிடைக்கும். மனை விற்ற லாபத்தையும் இன்சூரன்ஸ் லாபத்தையும் மத்திய வரியில் ஒன்றாகவே பார்ப்பார்கள், லாபம் முதலில் வந்த வரி ஆண்டு முடிந்து 4 வருஷத்துக்குள் வேறு வீட்டில் போட்டால் வரியைத் தள்ளிப்போடலாம். பழைய சொத்துவரி மதிப்பையும் ப்ராப் 19 என்ற மாநிலச் சட்டத்தின் வழியாக மாநிலத்துக்குள் எங்கும் கொண்டுபோகலாம், விற்ற 2 வருஷத்துக்குள் வாங்க வேண்டும். அதே இடத்தில் ஏறக்குறைய அதே அளவில் கட்டினால் பழைய மதிப்பே தொடரும். 10,45,000-க்கு உங்களுக்குப் பிடித்த ஊரில் 1,700 சதுர அடி கிடைக்குமா என்று இந்த வாரமே பாருங்கள். பாசடீனாவிலேயே வேண்டுமென்றால் எனக்குச் சந்தேகம்தான், அதனால் என் ஓட்டு கட்டுவதற்கு.

கட்டுவதென்றால் வாடகை நீட்டிப்பை இப்போதே எழுத்தில் கேளுங்கள், போனில் சொன்னது செல்லாது. இன்சூரன்ஸ் பணத்தைக் கடன் கொடுத்த வங்கி வைத்துக்கொண்டு, கட்டுமானம் நகர நகரத்தான் விடும். எந்தக் கட்டத்துக்கு எவ்வளவு என்ற அட்டவணையை பில்டர் ஒப்பந்தத்துக்கு முன்னால் வாங்குங்கள். இடிபாடு அகற்றிய பிறகு மண் பரிசோதனையை மத்திய அரசு எல்லா மனைக்கும் செய்து தரவில்லை, அஸ்திவாரத்துக்கு முன் ஈயத்துக்காவது நீங்களே சோதித்துவிடுங்கள். முன்பணம் 1,000 டாலர் அல்லது ஒப்பந்தத்தில் 10 சதவீதம், எது குறைவோ அதற்கு மேல் வாங்கக் கூடாது என்பது பேரிடரில் எரிந்த வீட்டைத் திரும்பக் கட்டுவதற்கும் பொருந்தும். 50,000 முதலில் வையுங்கள் என்று ஒருவர் கேட்டால் அடுத்த பில்டரைப் பாருங்கள்.